சத்தம் குறைக்கிற மைக்செட்காரர்

மைக்செட் தொழிலில் இருந்துகொண்டு, சத்தத்தைக் குறைப்பதையே பழக்கமாக வைத்திருந்த ஒரே ஒரு மனிதரைத்தான் எனக்குத் தெரியும். சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் அவருடைய குடோன் இருந்தது. கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு, கோயில் திருவிழா என்று திருச்சியின் எந்த மூலைக்கும் அவருடைய ஸ்பீக்கர்கள் போகும். போன இடத்தில் எல்லாம் அவர் கை குமிழை ஒரே பக்கம்தான் திருப்பும். அது குறைக்கிற பக்கம்.

அண்ணன் என்றுதான் நாங்கள் கூப்பிட்டோம். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். பின்னாளில் எங்கள் பாட்டு ஆல்பத்தில் பெயரைப் போடுகிறோம் என்று கெஞ்சிக் கேட்டபோதே, "நம்ம பேரு எதுக்குங்க, அதுவும் ஒரு சத்தம்தானே" என்று மறுத்துவிட்டவர். அவர் போடவிடாத பெயரை நான் எழுதினால் நன்றாக இருக்காது.

நாற்பதைத் தொட்டும் தொடாத வயது, ஒல்லியான உடம்பு, முழங்கை வரை மடித்துவிட்ட கட்டம் போட்ட சட்டை, பையில் ஒரு டெஸ்டர். அவருடைய குட்டியானை வண்டியில் ஹாரன் வேலை செய்யாது; அதைச் சரிசெய்ய அவர் மெனக்கெட்டதும் இல்லை. சத்திரத்து நெரிசலில் ஹாரன் இல்லாமல் வண்டி ஓட்டிய ஒரே ஆள் அவராகத்தான் இருக்கும். முன்னால் போகிறவர் தானாக ஒதுங்கும் வரை பின்னாலேயே ஊர்ந்துகொண்டு வருவார். வீட்டிலும் அதே கதைதான். "எங்க வீட்டுக்காரரு டிவி பாக்கத்தான் செய்வாரு, கேக்க மாட்டாரு" என்பார் அவர் மனைவி. அந்த அம்மாவின் குரல் இரண்டு தெருவுக்குக் கேட்கும். கடவுள் கணக்குப் பார்த்துத்தான் சேர்த்துவைக்கிறார்.

இவரை ஏன் மறுபடி மறுபடி கூப்பிடுகிறார்கள் என்று நான் யோசித்திருக்கிறேன். அவர் மைக்செட் வைத்த விசேஷத்தில் சொந்தக்காரர்கள் பேசிக்கொள்ள முடியும். பேசினால்தானே சண்டை வரும், சமாதானம் வரும், அடுத்த சம்பந்தம் வரும். கல்யாண வீட்டுக்கு வேறென்ன வேண்டும்?

முதன்முதலில் அவரைப் பார்த்தது உறையூரில் ஒரு ரிசப்ஷனில். நான் அப்போது ஸ்ரீரங்கத்தில் குழந்தைகளுக்குக் கீபோர்டு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். முகூர்த்த நாட்களில் ஒரு மெல்லிசைக் குழுவோடு வாசிக்கவும் போவேன். பெண்ணின் தாய்மாமன் மேடைப் பக்கம் நான்கு தடவை வந்துவிட்டார்.

"என்னங்க இது, பக்கத்து வீட்டு ரேடியோ மாதிரி கேக்குது. ஏத்துங்க."

"ஏத்திட்டேன் மாமா."

"ஒண்ணும் ஏறலையே."

அண்ணன் மேஜைக்கடியில் குனிந்து ஒரு கறுப்புப் பெட்டியை எடுத்தார். நடுவில் ஒரே ஒரு பெரிய குமிழ். பின்னால் தடிமனான ஒயர் ஒன்று போனது. அதை மாமன் கையிலேயே கொடுத்துவிட்டார். "நீங்களே வச்சுக்கங்க மாமா. எவ்வளவு வேணுமோ அவ்வளவு. உங்களுக்குத் தெரியாததா?"

மாமன் குமிழைக் கால்வாசி திருப்பினார். தலையைச் சாய்த்துக் கேட்டார். இன்னும் கொஞ்சம் திருப்பினார். "ஆங், இப்பதான் கல்யாணம் மாதிரி இருக்கு" என்று சொல்லி, பந்திக்குக் கூப்பிடும் வரை அந்தப் பெட்டியை மடியிலிருந்து இறக்கவே இல்லை. நான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து அந்த ஒயரின் மறுமுனை தெரிந்தது. மேடைக்கு அடியில் அழகாகச் சுருட்டி, இன்சுலேஷன் டேப் சுற்றி, எதிலும் சொருகாமல் கிடந்தது. எனக்கு வந்த சிரிப்பில் ஒரு சுரம் தப்பிவிட்டது. அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்து, காட்டிக்கொடுத்துவிடாதீர்கள் என்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார்.

அன்று என் இடது காதில் பஞ்சு இருந்தது. அதைத் தலைமுடியால் மறைத்திருந்தேன்.

அந்தக் காதில் ஒரு வருடமாக ஒரு ரீங்காரம். குக்கர் விசில் அடங்குகிற நேரத்துச் சத்தம் எப்போதும் உள்ளே இருந்துகொண்டே இருக்கும். தில்லைநகரில் ஒரு காது டாக்டர் பரிசோதித்துவிட்டு, போன கேட்கும் திறன் திரும்பாது என்றும், இருப்பதையாவது காப்பாற்ற வேண்டுமானால் பெரிய சத்தத்தில் நிற்கக்கூடாது என்றும் சொல்லிவிட்டார். வலது காதைக் குறித்தும் ஓர் எச்சரிக்கை சொன்னார். நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல முடியாத சமயம் அது. என் வாழ்க்கையிலேயே நான் ஆசைப்பட்டுத் தொடங்கிய ஒரே காரியம் அப்போதுதான் காலூன்றிக்கொண்டிருந்தது. அந்தக் காரியத்துக்கு மூலதனமே பெரிய சத்தம்தான்.

நாங்கள் மூன்று பேர். நான், என்னோடு கல்லூரியில் படித்த பிரபா, பிரபா கண்டுபிடித்துக் கொண்டுவந்த சல்மா. பிரபாவுக்குப் பொன்மலை ரயில்வே ஒர்க் ஷாப்பில் வேலை. ஷிஃப்ட் முடிந்து வந்ததும் லேப்டாப்பில் தாளம் அடுக்குவான். சல்மா துணிக்கடையில் பில் போடுகிறவள். நல்ல கனத்த குரல். எங்கள் குழுவுக்கு மதகு என்று பெயர். நாங்கள் செய்தது ஹவுஸ் மியூசிக். நெஞ்சில் குத்துகிற மாதிரி ஒரே சீரான அடி, நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும். மற்றதெல்லாம் அதன் மேல் வந்து வந்து போகும். ஆடுவதற்கான சங்கீதம். திருச்சியில் அதை யார் கேட்பார்கள் என்று எங்களுக்கே தெரியாது. ஆனாலும் எட்டுப் பாட்டு வைத்து ஒரு முழு ஆல்பம் போடுவது என்று முடிவு செய்தோம். அதற்கு 'முதல் தண்ணி' என்று பெயரும் வைத்தாயிற்று. முக்கொம்பு அணையில் ஷட்டர் திறந்து தண்ணீர் பாய்கிற சத்தத்தைச் சல்மா போனில் பதிந்து வந்திருந்தாள். அதிலிருந்து வந்த பெயர்.

பெயர் இருந்தது, ஸ்டூடியோ இல்லை. பிரபாவின் குவார்ட்டர்ஸில் வைத்தால் அக்கம்பக்கம் அடிக்க வரும். என் வீட்டில் பேச்சே வேண்டாம். அப்போதுதான் எனக்கு அண்ணனின் குடோன் நினைவுக்கு வந்தது. சுவரெல்லாம் ஷாமியானா துணி மூட்டை, ஜமுக்காளக் கட்டு, மெத்தை. அந்தக் குடோனுக்குள் கை தட்டினால் சத்தம் திரும்பியே வராது. போய்க் கேட்டோம்.

"என்ன பாட்டுங்க டீச்சர்?"

"ஹவுஸ் மியூசிக்ண்ணே."

"வீட்டுக்குள்ளயே வச்சுக்குற பாட்டா? நல்லதுதானே, யாருக்கும் தொந்தரவு இல்ல."

செவ்வாய்க்கிழமை யாரும் விசேஷம் வைக்கமாட்டார்கள். அன்றைக்கு மைக்செட்டுக்கு ஓய்வு, சல்மாவுக்கும் கடையில் வார விடுமுறை. நாலரை மணிக்குப் பிரபா ஷிஃப்ட் முடிந்து வந்துவிடுவான். ஆக, எங்கள் முதல் ஆல்பம் முழுக்க முழுக்கச் செவ்வாய்க்கிழமைகளில் உருவானது. ராசி பார்க்கிறவர்கள் எங்களைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டிருப்பார்கள்.

முதல் நாளே பிரபா ஆரம்பித்துவிட்டான். அண்ணனுடைய ஆளுயர ஸ்பீக்கர் இரண்டையும் பார்த்ததும் அவனுக்குத் தலைகால் புரியவில்லை. "ஏத்துங்கண்ணே, ஏத்துங்க, தரை அதிரணும்" என்று நின்றான். அண்ணன் ஏற்றினார். முதல் அடி விழுந்ததும் என் இடது காதுக்குள் யாரோ ஊசி ஏற்றியது போல வலித்தது. நான் முகத்தைச் சுளிக்காமல் தண்ணீர் பாட்டிலைத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை போனபோது பிரபாவின் மேஜையில் ஒரு கறுப்புப் பெட்டி இருந்தது. பெரிய குமிழ். மேலே ஒயிட்னரில், அடியின் கனத்துக்கு என்று, 'பேஸ்' என எழுதியிருந்தது. ஒயர் துணி மூட்டைகளுக்குப் பின்னால் போய் மறைந்தது. "தம்பி, இது உங்க கையிலயே இருக்கட்டும். வேணுங்குற அளவு வச்சுக்கங்க" என்றார் அண்ணன். பிரபா திருப்பினான், தலையை ஆட்டினான், கண்ணை மூடினான். "இப்ப இறங்குது பாரு அடி" என்றான் சல்மாவிடம்.

எனக்கு அந்தப் பெட்டியைத் தெரியும். உறையூரில் மாமன் மடியில் பார்த்த அதே பெட்டிதான்; உண்மையான குமிழ் அண்ணன் பக்கம் இருந்தது, குறைத்துவைத்தபடி. நான் அண்ணனைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. ஏதோ ஒயரைச் சுருட்டிக்கொண்டே, "டீச்சர், இடது பக்க ஸ்பீக்கர செவுத்தப் பாத்துத் திருப்பி வச்சிட்டேன். அது கொஞ்சம் கொரகொரன்னுது" என்றார். அந்த ஸ்பீக்கரில் ஒரு கோளாறும் இல்லை. என் இடது காது என்று நான் யாருக்கும் சொன்னதும் இல்லை. உறையூரில் இடது காது ஸ்பீக்கருக்கு மறுபக்கம் இருக்கும்படி ஸ்டூலைத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன், அவ்வளவுதான். அந்த மனிதர் அதைப் பார்த்து வைத்திருக்கிறார்.

அன்றே பிரபாவிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பிரபா நல்லவன், அதுதான் பிரச்சினை. தெரிந்தால் அந்த நிமிடமே லேப்டாப்பை மூடிவிட்டு, "ஆல்பமும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம், காதப் பாரு" என்பான். எனக்கு ஆல்பம் வேண்டும். காதும் வேண்டும். இரண்டையும் அந்தப் பெட்டி கொடுத்தது. நான் பேசாமல் இருந்துவிட்டேன்.

இப்படி அவர் யார் யாருக்காகக் குறைத்திருக்கிறார் என்பது செவ்வாய்க்கிழமைகளில் டீ குடிக்கும்போது கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்தது. அவராகச் சொல்லமாட்டார். டீக்கடைக்காரர் சொல்வார், எதிர்க் கடைக்காரர் சொல்வார். ஓர் அம்மன் கோயில் திருவிழாவில், அரியர் எழுதப் படித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் ஜன்னலைப் பார்த்துக் குழாய் ஸ்பீக்கர் இருந்ததாம். அண்ணன் மரத்தில் ஏறி அதை ஆற்றுப் பக்கம் திருப்பிக் கட்டிவிட்டார். கோயில்காரர்கள் சண்டைக்கு வந்தபோது, "காவிரி கேக்கட்டுங்க, அது ஒண்ணும் பரீட்சை எழுதல" என்றாராம். ஒரு காதுகுத்து வீட்டில், எதிர் வீட்டுப் பெரியவர் மூச்சு இழுத்துக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்ததும் பாட்டை நிறுத்திவிட்டு, "ஃபியூஸ் போயிருச்சு" என்று சொல்லி இரண்டு மணி நேரம் ஃபியூஸ் தேடியிருக்கிறார். அவர் வாழ்க்கையில் போன ஃபியூஸ்களில் பாதி போகவே இல்லை.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்றும் சொல்ல முடியாது. ஒரு கல்யாணத்தில், முன்வரிசையில் ஒரு கைக்குழந்தை அப்போதுதான் தூங்கியது என்று குறைத்துவிட்டார். சரியாக அந்த நேரத்தில் பெண் மேடைக்கு வந்தது. தான் வரும்போது போடவென்று அந்தப் பெண் மாதக்கணக்கில் யோசித்துத் தேர்ந்தெடுத்து வைத்திருந்த பாட்டு. யாருக்கும் கேட்கவில்லை. ஃபேன் ஓடுகிற சத்தத்தில் அந்தப் பெண் தனியாக நடந்துவந்து உட்கார்ந்ததாம். அதை டீக்கடைக்காரர் சொல்லும்போது மட்டும் அண்ணன் டீ கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தார். "அது தப்புதாங்க. அந்தப் பொண்ணு மூஞ்சி இன்னும் ஞாபகம் இருக்கு" என்றார். ஆனாலும் பழக்கம் போகவில்லை. சிலருக்கு நாக்கில் சனி என்பார்கள், இவருக்கு விரலில்.

எட்டாவது செவ்வாய்க்கிழமை குட்டு உடைந்தது. பிரபாவின் பேனா துணி மூட்டைக்குப் பின்னால் உருண்டுவிட்டது. அதை எடுக்க மூட்டையை நகர்த்தினான். நிமிர்ந்தபோது கையில் ஒயரின் முனை இருந்தது, டேப் சுற்றியபடி.

ஒர்க் ஷாப்பில் வேலை செய்கிறவன். அவிழ்ந்து கிடக்கிற ஒயரைப் பார்த்தால் அது எங்கே போகவேண்டும் என்று பார்க்காமல் விடமாட்டான்.

"அண்ணே, இது எங்க போகுது?"

அண்ணன் கையிலிருந்த வேலையைக் கீழே வைத்தார். பொய் சொல்ல நினைத்திருந்தால் ஃபியூஸ் கதை கையிலேயே இருந்தது. "எங்கயும் போகலங்க தம்பி" என்றார்.

"அப்ப ஏழு வாரமா நான் என்ன பண்ணிட்டு இருந்தேன்?"

"ரசிச்சுட்டு இருந்தீங்க."

வேறு சமயமாக இருந்தால் நான் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். பிரபாவின் முகம் சிவந்துவிட்டது. ஏழு பாட்டுக்கு அடியின் கனத்தை அவன் அந்தக் குமிழைப் பிடித்துக்கொண்டுதான் முடிவு செய்திருந்தான். "ஊருக்கெல்லாம் போடுற டிராமாவ எங்ககிட்டயும் போட்டீங்களா? எங்கள என்னன்னு நெனச்சீங்க? இது எங்க மொத ஆல்பம்ணே. எங்களுக்கு இது விளையாட்டு இல்ல."

"விளையாட்டா செய்யலங்க தம்பி."

"பின்ன எதுக்குச் செஞ்சீங்க?"

அப்போதும் அண்ணன் என் பக்கம் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் பிரபா புரிந்துகொண்டிருப்பான். "என் பழக்கம் அது. கை தானா அப்படிப் போயிருது. மன்னிச்சுக்கங்க" என்று மட்டும் சொன்னார். சல்மா என்னைப் பார்த்தாள். நான் கீபோர்டைப் பார்த்தேன். அதில் கறுப்புக் கட்டைகள் எத்தனை என்று அன்றைக்குத்தான் எண்ணினேன் போலிருக்கிறது. பிரபா லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு, இனிமேல் இங்கே வருவதில்லை, சென்னையில் எங்காவது முடித்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

நான் சல்மாவின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து ஸ்ரீரங்கம் திரும்பிக்கொண்டிருந்தேன். வழியெல்லாம் சல்மா அண்ணனைத் திட்டிக்கொண்டே வந்தாள். பெரிய மனுஷன் மாதிரி இருந்துகொண்டு இப்படி ஏமாற்றலாமா, நம்மைச் சின்னப் பிள்ளைகள் என்று நினைத்துவிட்டான், அப்படி இப்படி என்று. காற்றில் பாதிதான் காதில் விழுந்தது, அந்தப் பாதியே தாங்கவில்லை. காவிரிப் பாலம் பாதி வந்ததும் அவள் தோளைத் தட்டினேன்.

"வண்டிய ஓரமா நிறுத்துடி."

நிறுத்தினாள். சொன்னேன். காது, டாக்டர், உறையூர், பெட்டி, நான் வாயை மூடிக்கொண்டு இருந்தது, எல்லாம். எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது. எனக்காகப் பழியைத் தலையில் போட்டுக்கொண்ட மனிதரைத் தனியே விட்டுவிட்டு வந்திருக்கிறேன். சல்மா இன்ஜினை அணைத்தாள். பிறகு, "எந்தக் காது?" என்றாள். காட்டினேன். வண்டியிலிருந்து இறங்கிச் சுற்றி வந்து என் வலது பக்கம் நின்றுகொண்டு, "நீ ஒரு லூசு" என்றாள், நன்றாகக் கேட்கும்படி. வண்டியைத் திருப்பினாள். அங்கிருந்து பொன்மலைக்குப் போய்ச் சேர முக்கால் மணி நேரம் ஆனது.

பிரபா குவார்ட்டர்ஸ் வாசலில் உட்கார்ந்திருந்தான். நான் எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன்.

"என்கிட்ட சொல்றதுக்கு என்ன?"

"சொன்னா நிறுத்திருவே."

"நிறுத்தித்தான் இருப்பேன்."

"அதான் சொல்லல."

அவனுக்குக் கண் கலங்கியது. அதை மறைக்க என்னைக் கன்னாபின்னாவென்று திட்டினான். நான் வாங்கிக்கொண்டேன். கடைசியில், "அண்ணனுக்கு நீ சொன்னியா?" என்று கேட்டான்.

"சொல்லல. அவரே பாத்துக்கிட்டாரு."

"நாலு வருஷமா உன்கூட வாசிக்கிறேன், எனக்குத் தெரியல" என்றான். அதற்குப் பிறகு அவன் திட்டவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை நான் போனபோது பிரபா எனக்கு முன்பே குடோனுக்கு வந்திருந்தான். மன்னிப்பெல்லாம் கேட்கத் தெரியாது அவனுக்கு. ஒயர் தொங்கிய பெட்டியைத் தூசி தட்டி மேஜையில் வைத்தான். உட்கார்ந்தான். குமிழைக் கால்வாசி திருப்பினான். தலையைச் சாய்த்துக் கேட்டான்.

"இப்ப சரியா இருக்குண்ணே" என்றான்.

அண்ணன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. சிரித்தார் என்றே வைத்துக்கொள்கிறேன்.

அதன் பிறகு ஆல்பத்தைச் சின்னச் சத்தத்திலேயே முடித்தோம். டாக்டரிடம் போய் ஒழுங்கான காதடைப்பான் வாங்கினேன். அடியின் கனம் தெரிவதற்காகப் பிரபா ஸ்பீக்கர் பெட்டியின் மரத்தில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு உட்காருவான். காதில் கேட்காததைக் கையில் கேட்டான். ஏழு பாட்டையும் திரும்ப எடுத்துப் பார்த்ததில் மூன்றில்தான் திருத்தவேண்டி இருந்தது. மற்ற நான்கும் பொம்மைக் குமிழை வைத்தே சரியாக அமைந்திருந்தன, அது அவனுக்கு இன்னும் கோபம். எட்டாவது பாட்டை அந்தக் கோபத்திலேயே செய்தான். அதுதான் இருப்பதிலேயே நல்ல பாட்டு.

ஆடி மாதத்தில் கல்யாணம் இல்லாததால் மண்டபங்கள் காற்றாடும். ஸ்ரீரங்கத்தில் ஆற்றோரம் ஒரு மண்டபத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், ஆல்பத்தை எல்லாருக்கும் போட்டுக்காட்ட ஏற்பாடு செய்தோம். பிரபாவோடு வேலை செய்கிறவர்கள், சல்மாவின் துணிக்கடைப் பெண்கள், என்னிடம் கீபோர்டு படிக்கிற பிள்ளைகளும் அவர்களுடைய அம்மாக்களும் என்று நூறு பேருக்கு மேல் வந்துவிட்டார்கள். நாலரைக்கு ஆரம்பம் என்று சொல்லியிருந்தோம். ஐந்து ஆகியும் ஆரம்பிக்கவில்லை.

"என்னண்ணே ஆச்சு?" என்று பிரபா தவித்தான்.

"ஃபியூஸ் போயிருச்சு தம்பி" என்றார் அண்ணன், ஃபேன்கள் எல்லாம் ஓடிக்கொண்டிருக்க. அவர் முகத்தைப் பார்த்ததும் பிரபா ஒன்றும் கேட்காமல் போய்விட்டான். அவனும் பழகிவிட்டான்.

ஐந்து மணி தாண்டியதும் அண்ணன் என்னிடம் வந்தார். "டீச்சர், ஒரு நிமிஷம் வெளிய வாங்க."

காதடைப்பான் கையில்தான் இருந்தது. அவரோ நிற்காமல் படியிறங்கி, சாலையைக் கடந்து, இளநீர் வண்டியையும் தாண்டி நடந்தார். அங்கே ஒரு புங்க மரம். மரத்தடியில் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தது.

"இங்க உக்காருங்க."

"எதுக்குண்ணே? ஆரம்பிக்கப் போகுதே."

"அதுக்குத்தாங்க. காலையில ஃபுல்லா வச்சிட்டு அங்கேருந்து நடந்து நடந்து பாத்தேன். இந்த எடத்துல உங்க காதுக்கு ஒண்ணும் ஆகாது. பாட்டும் முழுசா கேக்கும்."

எனக்குச் சட்டென்று புரியவில்லை. "ஃபுல்லாவா? நீங்களா?"

"தம்பியும் பாடுற பாப்பாவும் இதச் சத்தத்துக்குத்தானே செஞ்சாங்க. நீங்களும்தானே. ஒரு நாளாவது அது எப்படியோ அப்படிக் கேக்கணும்ல." சட்டைக் கையை இன்னும் ஒரு மடிப்பு மடித்துவிட்டுக்கொண்டார். "சுத்தி எட்டு வீடு இருக்கு. கேட்டுட்டேன். ஒரு வீட்டுல மட்டும் கொழந்த தூங்குது, அஞ்சு மணிக்கு எந்திரிச்சுரும், அப்புறம் எவ்வளவு வேணா வச்சுக்கங்கன்னாங்க. இப்ப எந்திரிச்சிருச்சு."

சாலையைப் பார்த்துக் கடந்து உள்ளே போனார். நான் உட்கார்ந்தேன். இளநீர்க்காரர் கேட்காமலேயே ஒன்றை வெட்டிக் கையில் கொடுத்தார். அதையும் சொல்லி வைத்திருக்கிறார் போல.

முதலில் முக்கொம்புத் தண்ணீர் வந்தது. பிறகு சல்மாவின் குரல். பிறகு பிரபாவின் அடி விழுந்தது. மண்டபத்தின் ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன, அந்த அதிர்வு நாற்காலியின் கால் வழியாக என் முதுகுக்கு ஏறியது, இளநீரில் வட்டம் போட்டது. காது வலிக்கவில்லை. உள்ளே யாரோ ஊய் என்று கத்தினார்கள், நூறு பேர் எழுந்து நிற்கிற சத்தம் கேட்டது. இத்தனை மாதமாக நாங்கள் பொத்திப் பொத்தி வளர்த்தது அந்தக் கட்டடத்துக்குள் முழு உயரத்துக்கு எழுந்து நின்றுகொண்டிருந்தது. நான் தேம்பித் தேம்பி அழுதேன், இளநீர்க்காரர் நாகரிகமாக ஆற்றுப் பக்கம் பார்த்துக்கொண்டார். இவ்வளவு சந்தோஷமாக நான் எப்போதும் இருந்ததில்லை.

மூன்றாவது பாட்டில் ஆசை தாங்கவில்லை. நாற்காலியை மெதுவாக இரண்டடி முன்னால் இழுத்துப் போட்டேன்.

மண்டப வாசலில் அண்ணன் நின்றுகொண்டிருந்தார். பின்னால் போங்க என்று கையைக் காட்டினார். நான் நாற்காலியைத் திரும்ப இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டேன்.